முகமறியா அன்பருக்கு நன்றி

பார்வையற்ற நான் பைத்தான் என்னும் கணினி நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியபோது, வரியின் முன்னால் விடப்படும் இடைவெளிதான் பெருந்தடையாக நின்றது; எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பதை அந்த மொழியில் இடைவெளியே தீர்மானிக்கிறது. 2006இல் மைக்கேல் கரன் தொடங்கிய, திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் இலவச மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானில், என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்செர்ட்) கண்ட்ரோலையும் டியையும் (D) சேர்த்து அழுத்தி, அந்த இடைவெளியை ஒலியாகக் கேட்குமாறு அமைத்துக்கொள்ளலாம் என்று முன்பின் அறியாத ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘ஃபார்’ சுழலுக்குள், நிபந்தனை பார்க்கும் ‘இஃப்’ வரும்போது சுருதி ஏறுவதும், அது முடிந்ததும் இறங்குவதும் இப்போது காதுக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. அந்தத் திரைவாசிப்பானே பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது என்பதையும் அவர்தான் சொன்னார். அதன் மூலநிரலை வாசித்தே இன்று கற்கிறேன் (என்னைப் போன்றோருக்கு அதைவிட நல்ல பாடநூல் இருக்க முடியாது என்பது என் எண்ணம்). கேட்டதையே மீண்டும் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் விளக்கிய அந்த அன்பருக்கு என் மனமார்ந்த நன்றி.