டேப்லெட்டை மீட்டுத் தந்த முகம் தெரியாத நண்பருக்கு நன்றி

அப்டேட் முடிந்ததும் ஆண்ட்ராய்டு டேப்லெட் உறைந்து நின்றால், பலரும் எடுத்த எடுப்பில் சொல்வது ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. பெயர் சொல்லாமல் வழிகாட்டிய நீங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளினீர்கள். படங்களும் குறிப்புகளும் பிழைத்தது அதனால்தான். மனமார்ந்த நன்றி.

உங்கள் வரிசை மற்றவர்களுக்கும் பயன்படட்டும். பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10 முதல் 20 விநாடி அழுத்தினால் பல மாடல்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அடுத்து சேஃப் மோடு. பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை விரலால் அழுத்திப் பிடித்தால், சேஃப் மோடுக்குப் போகலாமா என்று பெரும்பாலும் கேட்கும். அங்கே நாம் நிறுவிய ஆப்கள் ஓடாது. ஆகவே அங்கு உறையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு ஆப்பில்தான். கடைசியாக நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும்.

சேஃப் மோடிலும் உறைந்தால் ரெக்கவரி மெனுவில் (ஆண்ட்ராய்டு தொடங்கும் முன்பே திறக்கும், பழுது நீக்குவதற்கான மெனு) 'வைப் கேஷ் பார்ட்டிஷன்'. இது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும். (எல்லா மாடலிலும் இது இருக்காது.) பக்கத்திலேயே 'வைப் டேட்டா' இருக்கும், அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும் என்று நீங்கள் தனியாக எச்சரித்தது பெரிய உதவி. அவசரத்தில் விரல் தவறுவது அங்கேதான்.

ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தாலும் இதே தொல்லை வரும் என்றீர்கள். பெரிய வீடியோக்களை வெளியே மாற்றிவிட்டு, சார்ஜரில் செருகிச் சில மணி நேரம் தொடாமல் விட வேண்டும். அப்டேட்டுக்குப் பின் ஆப்களைச் சீரமைக்கும் வேலை பின்னணியில் அப்போதுதான் முடியும்.