சீன மருத்துவம் மாத்திரையோடு நின்றுவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரையை அறுவை சிகிச்சை இல்லாமலே கரைத்துவிடும் சீன மூலிகைகள் பற்றித் தங்கள் இதழின் நலவாழ்வுப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சீன மருத்துவத்தின் வரலாற்றை நெடுங்காலமாக ஆர்வத்தோடு படித்து வருபவனும்கூட. கட்டுரையாளர் அந்த மருத்துவத்தைப் போற்ற நினைத்து, அதன் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பதே என் வருத்தம். சீனக் கண் மருத்துவர்கள் மூலிகைக்கு ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். அந்த எல்லையைத் தாண்டிய கண்ணுக்கு அவர்கள் ஊசியைத்தான் எடுத்தார்கள்.

அம்மருத்துவம் கண்ணைத் தனி உறுப்பாகக் கருதுவதில்லை. உள்ளுறுப்புகள் அனைத்தின் சாரமும் மேலேறிக் கண்ணில் சேர்கிறது என்பதும், கல்லீரல் கண்ணின் வழியாகவே வெளியுலகை நோக்கித் திறக்கிறது என்பதும் அதன் பழைய கோட்பாடுகள். பிற்கால மருத்துவர்கள் இதை விரித்துக் கண்ணை ஐந்து வட்டங்களாகப் பிரித்தார்கள். இமைகள் மண்ணீரலுக்கும், கண்ணின் இரு ஓரங்கள் இதயத்துக்கும், வெண்விழி நுரையீரலுக்கும், கருவிழி கல்லீரலுக்கும், நடுவிலுள்ள பாவை சிறுநீரகத்துக்கும் உரியவை என வகுத்தார்கள். கண்புரை பாவைக்குப் பின்னால் தோன்றுவதால், முதுமையில் கல்லீரலின் இரத்தமும் சிறுநீரகத்தின் சாரமும் வற்றிப்போவதே அதற்கு முதற்காரணம் என்று கருதினார்கள். மண்ணீரல் தளர்ந்து உணவின் சத்து கண்வரை ஏறாமல் போவதும், கல்லீரலின் வெப்பம் மேலெழுவதும் பிற காரணங்கள். ஆகவே, ஒரே அளவில் புரை விழுந்த இருவருக்கு, நாடியையும் நாக்கையும் பார்த்து வெவ்வேறு மருந்து கொடுப்பது அங்கே இயல்பு. எல்லாருக்கும் ஒரே பொடி என்று கட்டுரை சொல்வது அந்த முறைக்கே ஒவ்வாதது.

கட்டுரையில் குறிப்பிடப்படும் கோஜி பழம், செவ்வந்திப்பூ, ரெமானியா கிழங்கு ஆகியவை சேர்ந்த மாத்திரை உண்மையிலேயே பரவலாக வழங்கப்படுவதுதான். அதன் அடிப்படையான ஆறு சரக்கு மருந்து, சோங் பேரரசுக் காலத்தில் சியென் யீ என்ற மருத்துவர் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக வகுத்தது. கோஜியும் செவ்வந்தியும் சேர்ந்த பிறகு அது கண்ணுக்கான மருந்தாயிற்று. தகரை விதையும் பார்வை தெளிய வேண்டிக் கொடுக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட சரக்குகள் கொண்ட இன்னொரு பழைய மாத்திரையில் காண்டாமிருகக் கொம்பு சேர்ந்திருந்தது. அக்கொம்பின் வணிகத்தைச் சீனா 1993இல் தடை செய்த பின்னர் எருமைக் கொம்பு அதன் இடத்துக்கு வந்தது. இம்மருந்துகள் எல்லாம் புரை தொடங்கும் நிலைக்கு என்றே சொல்லப்பட்டன.

புரை முற்றியபின் என்ன செய்தார்கள் என்பதுதான் கட்டுரையில் இல்லாத பாதி. கண்ணின் வெளி ஓரத்துக்கும் கருவிழியின் விளிம்புக்கும் இடையே வெண்விழியில் ஊசியைச் செலுத்தி, வெளுத்துப்போன லென்ஸை, அதாவது பாவைக்குப் பின்னால் ஒளியைக் குவிக்கும் வில்லையை, பாவையின் வழியிலிருந்து கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். பொன் ஊசி முறை என்று பெயர் பெற்ற இச்சிகிச்சை இந்தியாவிலிருந்து சென்றது. பழைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் என்ற பகுதியில் விவரிக்கப்படும் இம்முறை பௌத்தத் துறவிகளின் வழியாகச் சீனத்தை அடைந்தது. 752இல் வாங் தாவ் தொகுத்த பெரும் மருத்துவ நூலில், இந்தியக் கண் மருத்துவம் என்றே தனிப்பகுதி அதற்கு உண்டு. தாங் பேரரசுக் காலக் கவிஞர் லியு யூஸி, கண் மருத்துவரான ஓர் அந்தணத் துறவிக்கு எழுதிய கவிதையில், சிவப்பு தமக்குப் பச்சையாகத் தெரியத் தொடங்கிவிட்டதையும் வெயிலும் காற்றும் கண்ணுக்குத் தாங்கவில்லை என்பதையும் சொல்லி, அவருடைய பொன் கருவி தம் இருளை எப்படி நீக்கும் என்று கேட்கிறார். அவருடைய நண்பர் பாய் சூயி இன்னும் வெளிப்படையாகவே எழுதினார். பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர் பெயரால் வழங்கிய கண் மருத்துவ நூல் மேசைமேல் விரிந்திருக்கிறது, தகரை விதை மாத்திரை பெட்டிக்குள் இருக்கிறது, இரண்டாலும் பயனில்லை, பொன் கருவியால் சுரண்டிப் பார்த்தால் என்ன என்பது அவருடைய ஏக்கம். தகரை விதையின் எல்லையை நோயாளி ஒருவரே ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கும்போது, நாம் இன்று அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்வது சரியாகாது.

கண்ணில் ஊசியைச் செலுத்துமுன் அந்த மருத்துவர்கள் காட்டிய எச்சரிக்கை எனக்கு மிகுந்த மதிப்பைத் தருவது. ஞாயிறு, நிலவு, விளக்கு ஆகிய மூன்று ஒளிகளையும் நோயாளியால் உணர முடிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். உணர முடியாத கண்ணைத் தொடமாட்டார்கள். முற்றிய புரை உள்ளவரின் கண்ணில் நாங்கள் டார்ச் வெளிச்சத்தை நான்கு பக்கத்திலிருந்தும் காட்டி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான். விழித்திரையும் நரம்பும் உயிரோடிருந்தால்தான் புரையை நீக்கிப் பயன் உண்டு. 1741இல் ஹுவாங் திங்சிங் என்ற மருத்துவர் ஊசி முறையை எட்டுப் படிகளாக எழுதி வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் தாங் யூஜி என்ற கண் மருத்துவர் ஊசி நுழையும் இடத்தைக் கண்ணின் உள்ளமைப்பை ஆராய்ந்து திருத்தியமைத்தார். 1975இல் மாவோவின் கண்புரைக்கு அறுவை செய்தவரும் அவரே. சீனாவின் தலைவருக்குக்கூட, பாரம்பரிய மருத்துவத்தில் தேர்ந்தவரே மாத்திரையை நம்பியிராமல் கருவியை எடுத்தார் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கான காரணம் லென்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. அதிலுள்ள புரதம் ஒருமுறை திரண்டு வெளுத்துவிட்டால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் தெளியாதது போல அதுவும் தெளியாது. கண்புரையைக் கரைப்பதாக மனிதரிடம் நிறுவப்பட்ட சொட்டு மருந்தோ மாத்திரையோ இன்றுவரை இல்லை. பொன் ஊசி முறைக்கும் குறைகள் இருந்தன. கீழே தள்ளப்பட்ட லென்ஸ் உள்ளேயே கிடப்பதால் அழற்சியும் கண் நீர் அழுத்தமும் வரும். பார்வை திரும்பினாலும் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெளிவாகத் தெரியாது. சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளே இன்று செயற்கை லென்ஸ் பொருத்தும் சிகிச்சைக்கு வந்துவிட்டதற்குக் காரணம் இதுதான்.

தாமதத்தின் விலையை நான் பணியில் இருந்தபோது நேரில் கண்டிருக்கிறேன். மூதாட்டி ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஒரு கண்ணின் பாவை பால்போல் வெளுத்திருந்தது, கண் சிவந்திருந்தது, கருவிழி மங்கியிருந்தது. இரண்டு நாளாகத் தலைவலியும் வாந்தியும் இருந்ததால் வயிற்றுக் கோளாறு என்று எண்ணி மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். புரை தானே கரையும் என்று யாரோ சொன்னதை நம்பி நெடுநாளாகச் சொட்டு மருந்து விட்டு வந்தவர் அவர். ஊதிப்போன லென்ஸ் கண்ணின் நீர் வெளியேறும் வழியை அடைத்து, அழுத்தம் நரம்பைக் கெடுத்துவிட்டிருந்தது. டார்ச்சை எந்தப் பக்கம் காட்டினாலும் அவரால் சொல்ல முடியவில்லை. அழுத்தத்தைக் குறைத்து வலியைத் தீர்க்க முடிந்ததே தவிர, அந்தப் பார்வையை மீட்க முடியவில்லை.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அக்கட்டுரைக்கு ஒரு விளக்கக் குறிப்பை அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். மூலிகை உண்பவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்றும், பெயர், சரக்கு விவரம் இல்லாத சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதுவே புரையையும் கண் அழுத்தத்தையும் உண்டாக்கும் என்றும், கண்ணைச் சுற்றி அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொள்வதில் இரத்தக் கசிவு அபாயம் உண்டு என்றும் அதில் எழுதுங்கள். புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது என்பதையும், அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது என்பதையும் தவறாமல் சேருங்கள். கட்டுரையை நம்பி அறுவை சிகிச்சைக்கு வாங்கிய தேதியைத் தள்ளிப்போட்டவர் யாரேனும் இருந்தால், அடுத்த இதழிலேயே அவர் கண்ணில் அது படவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்