மெதுவா ஓடின சாவி ரயிலுக்காக, கைகொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மழை விட்டப்புறம் பெரியப்பா வீட்டுத் தோட்டத்துல, நான் செஞ்ச, சாவி முறுக்கினா ஓடற குட்டி ரயில் எஞ்சின் ரெண்டு பெட்டிய இழுத்துக்கிட்டு 20 மீட்டர் ஓடி, எங்கயும் கவுராம, தானா வந்து நின்னுச்சு. 70 செகண்டு ஆச்சு. நாலு வருஷமா ராத்திரி ராத்திரி உக்காந்தது அந்த 70 செகண்டுக்குத்தான். அங்க இருந்தவங்க கைதட்டினாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா இதுக்கு உண்மையா கைகொடுத்தவங்கள்ல பாதிப்பேர் அன்னைக்கு வரமுடியல, ஒருத்தருக்கு ஓவர்டைம், ஒருத்தருக்கு முட்டிவலி, ஒருத்தர் லீவுல ஊருக்குப் போயிட்டாரு. அதனாலதான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

ஏன் சாவி, பேட்டரி போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமேன்னு நெறைய பேர் கேட்டீங்க. முடிஞ்சிருக்கும்தான். தண்டவாளத்துல கரண்ட் விட்டு ஓட்டறதும் உண்டு, ஆனா நம்ம சிங்கப்பூர் மழைக்கும் ஈரத்துக்கும் பித்தளைத் தண்டவாளம் சீக்கிரமே கறுத்துப்போகும், ஒவ்வொரு தடவையும் தேச்சுக்கிட்டே இருக்கணும். எனக்கு சாவிமேல ஆசை வந்ததுக்குக் காரணம் வேற. சின்ன வயசுல தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்த தகர ரயிலு, அத கையில எடுத்து சாவிய முறுக்கும்போது உள்ள ஸ்பிரிங் இறுகறது விரல்லயே தெரியும் பாருங்க, நம்ம கைபலம் உள்ள போயி உக்காந்துக்கிட்டு அப்புறம் சக்கரமா வெளிய வருது, அந்த சமாச்சாரம் இன்னிக்கு வரைக்கும் என்னை விடல.

சாவி குடுத்தா ஓடற வண்டி செய்யறது பெரிய வித்தை இல்ல. அத மெதுவா ஓட வைக்கறதுதான் வித்தை. முழுசா சுத்தின ஸ்பிரிங்குக்கு மொதல்ல வேகம் அதிகம், பிரிய பிரிய பலம் கொறைஞ்சுக்கிட்டே வரும், அதனால எஞ்சின் கெளம்பறப்ப பாஞ்சுக்கிட்டுப் போகும், முடியறப்ப நொண்டும். இந்த ஒரு விஷயத்துலதான் எனக்கு மூணு வருஷம் போச்சு. கீழ சொல்லப்போற எல்லாருமே ஏதோ ஒரு வகையில அந்த வேகத்தக் கொறைக்க உதவினவங்கதான்.

மொதல்ல கடிகாரக்கடை அங்கிள். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ல மூடறதுக்கு முன்னாடி அங்க ஒரு பழைய சுவர்க் கடிகாரம் வாங்கி வச்சிருந்தேன், மணி அடிக்கிற ரகம், முகத்துல ரெண்டு சாவி ஓட்டை இருக்கும், ஒண்ணு முள்ளு ஓட, இன்னொண்ணு மணி அடிக்க, அப்படின்னா உள்ள ரெண்டு ஸ்பிரிங். அதுல ஒண்ணக் கழட்டும்போது முழுசா தளர்த்தாம கொக்கிய விலக்கிட்டேன், சாவி திரும்பி அடிச்சு கட்டைவிரல் கிழிஞ்சு 4 தையல். கட்டுப்போட்ட கையோட அவர் கடைக்குப் போய் நின்னப்ப அவர் திட்டல. ஸ்டூலப் போட்டு உக்கார வச்சாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேசற ஹொக்கியென் சீனம் தெரியாது, ரெண்டு பேரும் மலாய்லதான் பேசிக்குவோம். சாவிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கொக்கிய லேசா விலக்கி, உள்ளங்கைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நழுவ விட்டு எப்படித் தளர்த்தறதுன்னு அன்னைக்கு பத்து தடவை செஞ்சு காட்டினாரு, ஒவ்வொரு தடவையும் "பெலான் பெலான்"னு சொல்லிக்கிட்டே. மெதுவா, மெதுவா. அந்த வார்த்தைய அப்புறம் வீட்டுச் சுவத்துல தமிழ்ல எழுதி ஒட்டி வச்சேன்.

அவர் சொல்லித் தந்த இன்னொண்ணு எனக்கு அடியோட புதுசு. ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போடு, அச்சு சுத்தற ஓட்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய் போடு, ஆனா பல்சக்கரத்துப் பல்லுக்கு எண்ணெயே போடாதேன்னாரு. நான் நேர் எதிரா நெனச்சிருந்தேன். பல்லுல எண்ணெய் இருந்தா தூசு ஒட்டும், தூசும் எண்ணெயும் சேர்ந்து அரம் மாதிரி பல்லத் தேச்சிடும், கடிகாரத்துக்குள்ளயே அப்படின்னா மண்ணுல ஓடற ரயிலுக்கு எவ்வளவு பொருந்தும் பாருங்க. பழைய ஸ்பிரிங்க மண்ணெண்ணெயில கழுவி, துரு போக்கி, புது கிரீஸ் தடவி திரும்பப் போட்டதும் அவர்தான், காசு வாங்கல. அங்கிள், தெரிமா காசி, ரொம்ப நன்றி.

அடுத்தது ஊபி பட்டறைல லேத்து ஓட்டற தம்பிங்க ரெண்டு பேரும், அதுக்கு அனுமதி குடுத்த பாஸும். சக்கரம் கடையில வாங்கலாம், ஆனா நான் நெனச்ச அளவுல கெடைக்கல. 45 மில்லிமீட்டர் தண்டவாளம் என்னோடது. நம்ம பழைய மலாயன் ரயில் ஓடினது மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லி, நிஜ ரயில 22.5ல ஒரு பங்காச் சுருக்கணும்னா அத 22.5ல வகுக்கணும், கிட்டத்தட்ட 45 வரும், அதனால அந்த அளவுல செஞ்சா எல்லாம் சரியாப் பொருந்தும். 40 மில்லி விட்டத்துல நாலு சக்கரம், ஓரத்துல விளிம்பு, ஓடற மேற்பரப்பு லேசா சரிவா இருக்கணும், அந்தச் சரிவுதான் வளைவுல வண்டிய நடுவுக்குக் கொண்டாரும். வரைபடத்த குடுத்தப்ப பெரிய தம்பி பாத்துட்டு, "அண்ணே, எங்க ஊரு ரயிலும் இதே கேஜ்தான்ணே"ன்னாரு. அவருக்கு மேட்டுப்பாளையம். நீலகிரி மலை ரயிலப் பாத்தே வளந்தவரு, மேல ஏறும்போது எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளும், கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நடுவுல பல்தண்டவாளம்னு அவர் கைய ஆட்டி ஆட்டி சொன்னத கேட்டுக்கிட்டே நின்னுட்டேன், சாப்பாட்டு நேரமே போயிடுச்சு. தம்பி, வேலை முடிஞ்சு டார்மிட்டரி லாரி வர்றதுக்குள்ள கெடைக்கற அரைமணி நேரத்துல எனக்காக நின்னு கடைஞ்சீங்க. நாலு சக்கரத்துலயும் ஒரு முடி அளவுக்குக் கூட ஆட்டம் இல்ல. அந்தக் கைக்கு நான் என்ன செய்யறது சொல்லுங்க.

கியர் கணக்கு இப்படி. ஸ்பிரிங் 8 சுத்து வரும். அதுல இருந்து 80 பல்லு சக்கரம் 16 பல்லு பினியன, அதாவது சின்னப் பல்சக்கரத்த ஓட்டுது, அடுத்து 64 பல்லு இன்னொரு 16 பல்ல ஓட்டுது, 5 பெருக்கல் 4, ஆக 20 மடங்கு. 160 சுத்து, சக்கரத்தோட சுத்தளவு 125 மில்லி சொச்சம், ஆக 20 மீட்டர். தோட்டத்துல வளையமாப் போட்ட பாதை 11 மீட்டர். ரெண்டு சுத்துக்குக் கொஞ்சம் கம்மி.

மொத ஓட்டத்துல அந்த எஞ்சின் 5 மீட்டர மூணு செகண்டுல தாண்டி, வளைவுல பறந்து, பெரியம்மாவோட பாண்டான் செடிக்குள்ள போயி விழுந்துச்சு. எடை போதாதோன்னு மீன்பிடிக்கடையில ஈயக் குண்டு வாங்கி அடியில கட்டினேன். சக்கரம் வழுக்கறது நின்னுச்சு, வேகம் நிக்கல.

ரயில் ஐயாவப் பத்தி இங்கதான் சொல்லணும். 2022ல புக்கிட் தீமா ஸ்டேஷன மறுபடி தெறந்தப்ப பாக்கப் போயிருந்தேன், அங்க ஒரு பெரியவர் பேரனுக்கு டோக்கன் வளையம் எப்படிக் கை மாறும்னு செஞ்சு காட்டிக்கிட்டு இருந்தாரு. ஒத்தைப் பாதைல ரெண்டு வண்டி எதிரெதிரா வந்துடக்கூடாது, டோக்கன் யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் வழி, ஓட்டுனர் ஓடற வண்டியில இருந்தே கைய நீட்டி வாங்குவாரு. 2011 ஜூன் 30ல கடைசி வண்டி போற வரைக்கும் அந்த ஸ்டேஷன்ல அதே பழக்கம்தான். ஐயா பாதை பராமரிப்புல இருந்தவரு, அவங்க அப்பாவும் அதே வேலை. நான் போய் பேச்சுக் குடுத்தேன், அடுத்த மாசமே தோட்டத்துக்கு வந்துட்டாரு. எஞ்சின ஓட விட்டுக் காட்டினேன். பாத்துட்டு, "தம்பி, இது ரயிலு ஓடற ஓட்டம் இல்ல, எலி ஓடற ஓட்டம். ரயிலுக்கு கனம் இருக்கு, அது கெளம்பவும் நேரமாகும், நிக்கவும் நேரமாகும்"னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அவர் சொன்னதுதான் சரி. நான் செஞ்சது பொம்மை.

எஞ்சினுக்கு முன்னாடி பாதைய சரிபண்ணுன்னாரு. மண்ணுமேல நேரா வச்சிருந்தத எல்லாம் பேர்த்து எடுக்க வச்சாரு. அடியில தண்ணி ஓட சரிவு, அதுமேல உடைச்ச கருங்கல்லு, உருண்டைக் கல்லு ஆகாது, மூலை உள்ள கல்லுதான் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில குச்சியால கல்லக் குத்தி இறுக்கினாரு, முட்டிவலியோட மண்டி போட்டு. தண்டவாள இணைப்புல இடைவெளி விடச் சொன்னாரு. கணக்குப் போட்டுப் பாத்தேன், 11 மீட்டர் பித்தளை 30 டிகிரி சூடானா 6 மில்லி நீளும், அந்த எடம் இல்லாட்டி பாதை பாம்பு மாதிரி நெளிஞ்சிடும். டிசம்பர்ல அவ்ளோ மழைக்கும் அந்தப் பாதை ஒரு இன்ச்சு எறங்கல. ஐயா, உங்க கை பட்ட பாதை அது.

வேகத்துக்கு வர்றேன். அங்கிள் சொன்னபடி கடிகாரத்துல மணி அடிக்கற பக்கம் ஒரு சின்னத் தகடு காத்தாடி மாதிரி சுத்தும், அது காத்த அடிச்சுத் தள்ளறதுலதான் ரெண்டு மணிக்கு நடுவுல சீரா இடைவெளி வருது. அத எஞ்சின்ல மாட்டிப் பாத்தேன், கொஞ்சம் கொறைஞ்சுச்சு, ஆனா பாய்லருக்குள்ள பெரிய தகட்டுக்கு எடம் இல்ல. அப்பத்தான் ஜாலான் புசார்ல பழைய இசைத்தட்டுப் பெட்டி சேக்கற ஒரு அண்ணன் தன்கிட்ட இருந்த உடைஞ்ச கிராமபோன் மோட்டார தூக்கிக் குடுத்தாரு. அதுக்குள்ள கவர்னர்னு ஒண்ணு, ஒரு தண்டு, அதச் சுத்தி மூணு குண்டு, ஒவ்வொண்ணும் மெல்லிசு பட்டை ஸ்பிரிங்குல. தண்டு வேகமா சுத்தினா குண்டு வெளிய விரியும், விரிஞ்சா ஒரு தட்ட இழுக்கும், தட்டு கம்பளித்துணில உரசும், வேகம் கொறையும். கொறைஞ்சா குண்டு உள்ள வரும், உரசல் விடும். ஸ்பிரிங் பலமா இருந்தாலும் சரி, தளந்திருந்தாலும் சரி, இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுத்துலயே நிக்கறதுக்கு அதான் காரணம். அத அப்படியே போட முடியாது, பெருசு. அதப் பாத்து சின்னதா ஒண்ணு செய்ய எனக்கு ஏழு மாசம் ஆச்சு, அஞ்சு தடவை குண்டு பிச்சுக்கிட்டுப் போச்சு, ஆறாவதுதான் இப்ப உள்ள இருக்கறது. அண்ணே, அந்த மோட்டார வித்திருந்தா உங்களுக்கு நல்ல காசு வந்திருக்கும். சும்மா குடுத்தீங்க.

20 மீட்டர் 70 செகண்டு. நிஜ அளவுக்குப் பெருக்கினா மணிக்கு 23 கிலோமீட்டர். ஸ்டேஷனுக்குள்ள நுழையற வண்டியோட வேகம் மாதிரி கண்ணுக்குத் தெரியுது. ஐயாவுக்கு வீடியோ அனுப்பினேன், அவர் ஒரே வரி வாய்ஸ் மெசேஜ் போட்டாரு, "இப்ப ரயிலு." அத எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கில்ல.

இன்னும் ரெண்டு மூணு பேரு. ஹார்ன்பிங்கற பொம்மை ரயில் கம்பெனியோட பழைய சாவி எஞ்சின் ஒண்ண ஒரு வாரம் நம்பி என் கையில குடுத்த நண்பருக்கு, ரெண்டு பக்கத் தகட்டுக்கு நடுவுல ஸ்பிரிங்க எப்படி உக்கார வச்சிருக்காங்க, ஓட்டுனர் நிக்கற அறைல இருந்து பிரேக்கும் ரிவர்ஸும் எப்படி இழுக்கறாங்கன்னு அதப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன், அந்தக் கம்பெனி 1920ல தொடங்கின சாவி ரயில் வேலை இன்னும் ஒருத்தனுக்குப் பாடமா இருக்கு. தண்ணித் தொட்டிக்கு மைலோ டின்ன வெட்டி வளைக்க விட்ட என் வீட்டுக்காரிக்கு, சாப்பாட்டு மேசைய நாலு வருஷம் பாதி விட்டுக்குடுத்ததுக்கும், விரல் கிழிஞ்ச அன்னைக்கு ஒரு வார்த்தை கூட வேண்டாம்னு சொல்லாததுக்கும். பச்சை பெயின்ட் மேல சிவப்புக் கோடு இழுத்தது மக, அவ கை என் கைய விட நேரா போகுது.

பெரியப்பா, பெரியம்மா, நாங்க பிளாக்ல 11வது மாடியில இருக்கோம், மண்ணு நாலு பூத்தொட்டியிலதான். நீங்க அந்தப் பின்கட்டுத் தோட்டத்த குடுக்காட்டி இது எதுவுமே இல்ல. கருவேப்பிலைய வேரோட பேர்த்து தள்ளி நட ஒத்துக்கிட்டீங்க பெரியம்மா, அது இப்ப நல்லா தழைச்சிருக்கு, போன வாரம் பாத்தேன்.

கடைசியா மறுபடியும் கடிகாரக்கடை அங்கிளுக்கு, மக இத மலாய்ல சொல்லி வாய்ஸ் மெசேஜா அனுப்பறேன்னு சொல்லியிருக்கா. ஸ்பிரிங் சுத்தற உங்க கருவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் கொண்டாந்து தர்றேன். கடைய விட்டு வரமுடியலன்னு அன்னைக்கு சொன்னீங்கல்ல, எஞ்சினையும் 2 மீட்டர் தண்டவாளத்தையும் கூடவே எடுத்துட்டு வர்றேன், வாசல்ல அந்த நீள பெஞ்ச மட்டும் காலி பண்ணி வைங்க. மொதல்ல நீங்கதான் சாவி குடுக்கணும்.