‘கேஸ் நிரப்புதல்’ என்று ஒரு பதிவு வகை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை செல்லூரில் இருபத்தாறு ஆண்டுகளாக ஏ.சி., பிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழில் செய்துவருகிறேன். இணையவழி வீட்டுச் சேவைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. கமிஷன் எவ்வளவு, வாடிக்கையாளர் ஏமாந்தாரா, தொழிலாளி ஏமாந்தாரா என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. அதற்கு முந்தைய ஒரு படியைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. சேவைத் தளத்தில் நம் வேலையை எந்த வகையில் பதிகிறோம் என்பதுதான் அது. அதில் நான் தவறினேன். என்னைப் பார்த்துச் சேர்ந்த இளைஞர்களும் தவறினார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, எந்தச் செயலியில் சேரலாம்?” செயலியின் பெயர் இரண்டாவது விஷயம் என்று அவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாச் செயலிகளிலும் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு வகைதான். பெயரும் எண்ணும் மட்டும் காட்டும் பட்டியல் ஒன்று. 1996-இல் தொடங்கிய ஜஸ்ட் டயல் காலத்திலிருந்தே நாம் அறிந்தது அது. வாடிக்கையாளர் தன் தேவையை எழுத, அவருடைய எண்ணைத் தொழிலாளி காசு கொடுத்துத் திறந்து பேசும் வகை இன்னொன்று. எங்கள் ஆட்கள் இதை ‘லீட்’ என்பார்கள். தளமே விலையை எழுதிவைத்து, முன்பதிவு ஆனதும் நம்மை அனுப்பும் நிலையான விலை மூன்றாவது. வருகைக் கட்டணம் மட்டும் குறிப்பிட்டு, பார்த்த பிறகு விலை சொல்வது நான்காவது. ஒரே நிறுவனம்கூட ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கிறது. 2014-இல் அர்பன்கிளாப் என்று தொடங்கியபோது தேவையைத் தொழிலாளர்களிடம் சேர்த்துவிட்டு அதற்குக் கட்டணம் வாங்கினார்கள். 2020-இல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாறுவதற்கு முன்பே நிலையான விலைக்குப் போய்விட்டார்கள்.

என் பிழையைச் சொல்கிறேன். நான் சேர்ந்த தளத்தின் பதிவுப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நிலையான விலைப் பகுதியில் ‘சர்வீஸ்’, ‘கேஸ் நிரப்புதல்’, ‘கழற்றி மாட்டுதல்’ என்று கட்டங்கள் இருந்தன. மூன்றும் நான் செய்கிற வேலைதானே என்று மூன்றிலும் குறியிட்டேன். கேஸ் நிரப்புவதற்கு நல்ல விலை போட்டிருந்தார்கள். கோடைக்காலத்தில் அதற்குத்தான் அழைப்பும் அதிகம்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அண்ணாநகரில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு முன்பதிவு வந்தது. இரண்டாவது மாடி. வயதான அம்மா ஒருவர். உள் அறையில் அவர் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். ஏ.சி. அவருக்காகத்தான். “தம்பி, வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துவிடுகிறது. போன வருஷமும் நிரப்பினேன், அதற்கு முந்தின வருஷமும் நிரப்பினேன்” என்றார். பழைய ரசீது இரண்டையும் பத்திரமாக எடுத்துவந்து காட்டினார்.

கேஸ் தீராது. சமையல் சிலிண்டர் போல எரிந்து செலவாகிற பொருள் அல்ல அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த திகைப்பை நான் மறக்கவில்லை. இரண்டு முறை வந்தவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையா என்று கேட்டார். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. முன்பதிவில் எழுதியிருந்தது நிரப்புவது மட்டும். கொடுத்திருந்த நேரம் முக்கால் மணி. நிரப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

வெளிப்பெட்டியின் குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேர் நட்டின் விளிம்பில் கடுகளவு ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. நட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் மீதியிருந்த கேஸை வேறு சிலிண்டரில் பிடித்துக்கொள்ள வேண்டும். கழற்றிப் பார்த்தபோது, நாதஸ்வரத்தின் அணசு போல விரித்துவிட்ட செம்புக் குழாயின் வாயில் மயிரிழை அளவு விரிசல். குழாய் நுனியை வெட்டி, புதிதாக விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி முடுக்கினேன். நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தேன். வாக்யூம் பம்பை இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டு ஈரத்தை எடுத்தேன். அதன் பிறகுதான் தராசில் வைத்து, பெட்டியின் ஒட்டுத்தாளில் எழுதியிருந்த கிராம் கணக்குப்படி கேஸ் ஏற்றினேன். எல்லாம் முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது.

கேஸ் ஏற்றியதைத் தவிர, இதில் எந்த வேலைக்கும் செயலியில் ஒரு கட்டம்கூட இல்லை. தனியாகப் பணம் வாங்கினால் கணக்கை முடக்குவார்கள். எனவே முக்கால் மணி வேலைக்கான தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு வந்தேன். அடுத்த வீட்டுக்குத் தாமதமாகப் போனதால் அங்கே மூன்று நட்சத்திரம்தான் கிடைத்தது. பணம் போனது வருத்தம்தான். ஆனால் அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்தப் பருவத்தில் அதே கட்டத்தின் கீழ் நான் போன மற்ற வீடுகள் நினைவுக்கு வந்தன. அவசரத்தில் எத்தனை இடங்களில் நுரை தடவிப் பார்க்காமல் நிரப்பிவிட்டு வந்தேன்? ஐ.டி.ஐ.யில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே கசிவைத் தேடுவதுதான். பதிவு வகை என் கையிலிருந்து அந்தப் பாடத்தைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு நான் இடம் கொடுத்தேன்.

இது வாடிக்கையாளரின் காசோடு முடிவதும் இல்லை. இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 675 மடங்கு வெப்பமாக்கக்கூடியது. ஆர்-410ஏ என்றால் இரண்டாயிரம் மடங்கைத் தாண்டும். கசிவை அடைக்காமல் வருஷா வருஷம் நிரப்பினால் அத்தனையும் காற்றில்தான் போகிறது. ஆர்-32 தீப்பற்றக்கூடியதும்கூட.

அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு வேலையையும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பிரித்தேன். வேலை இன்னதென்று எப்போது தெரியும்? வீட்டுக்குப் போவதற்கு முன்பே தெரிந்தால் நிலையான விலை சரி. ஏ.சி. சர்வீஸ் அப்படிப்பட்டது. ஃபில்டர், காயில், தண்ணீர்த் தட்டு, வடிகுழாய், இவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முடியும். அதிலும் விளக்கப் பகுதியில் ‘வெளிப்பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மட்டும்’ என்று ஒரு வரியைச் சேர்த்த பிறகுதான், மூன்றாவது மாடிச் சுவரின் வெளிப்புறத்தில் கயிறு கட்டித் தொங்கும் நிலை ஒழிந்தது. திறந்து பார்த்த பிறகுதான் தெரியும் என்றால் ‘பார்த்துச் சொல்லும் விலை’தான். குளிர்ச்சி வரவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, சத்தம் போடுகிறது என்பவை எல்லாம் இதில் சேரும். குளிர்ச்சி வராததற்குக் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், போர்டு போயிருக்கலாம், காயிலில் தூசி அடைத்திருக்கலாம். கேஸ் குறைந்திருப்பது அதில் ஒன்று மட்டுமே.

லீட் வகையை எங்கள் ஆட்கள் பலர் திட்டுவார்கள். நானும் திட்டியவன்தான். ஒரு பருவத்தில் 5,900 ரூபாய் கட்டி 43 எண்களைத் திறந்தேன். ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 137 ரூபாய். அதே எண் இன்னும் நான்கைந்து பேருக்கும் போகும். முதலில் பேசுபவருக்கே வேலை. ஏணியில் நின்று இரண்டு கையிலும் கரியோடு இருப்பவன் முதல் இரண்டு நிமிடத்தில் எப்படிப் பேசுவான்? 43-இல் எட்டுதான் வேலையாக மாறின. அறுநூறு ரூபாய் சர்வீஸுக்கு இந்த வகையில் பதிவது வீண். ஆனால் அந்த எட்டில் ஒன்று திருப்பாலையில் புதிதாகக் கட்டிய வீடு. பூச்சு வேலைக்கு முன்பே சுவருக்குள் செம்புக் குழாய் பதித்து, நான்கு இயந்திரங்கள் மாட்டும் வேலை. அந்த வீட்டுக்காரர் மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டு, பத்து நாள் பொறுத்து முடிவெடுத்தார். அவசரமில்லாத பெரிய வேலைக்கு அந்த வகைதான் பொருத்தம் என்பதை அவரிடம் கற்றுக்கொண்டேன்.

இது எங்கள் தொழிலுக்கு மட்டும் உரியதல்ல. என் அண்ணன் மகள் ஃபைவர் தளத்தில் புத்தக அட்டை வடிவமைத்துக் கொடுக்கிறாள். 2010-இல் ஐந்து டாலர் வேலைகளோடு தொடங்கிய தளம் அது. விற்பவர் ஈட்டுவதில் நூற்றுக்கு இருபதைத் தளம் எடுத்துக்கொள்கிறது. அட்டைக்கு நிலையான விலை வைத்திருக்கிறாள். உள்பக்கங்களை அமைத்துத் தரும் வேலைக்கு மட்டும் விலை எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். “எத்தனை பக்கம், எத்தனை படம், எத்தனை அட்டவணை என்று பிரதியைப் பார்க்காமல் எப்படிச் சித்தப்பா விலை சொல்வது?” என்றாள். கேட்டவரின் பிரதியைப் பார்த்த பிறகு தனி விலை அனுப்புகிறாள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது எனக்கு இத்தனை நஷ்டத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

தெரிந்த பின்பு என் பதிவை மாற்றப் போனேன். அங்கேதான் அடுத்த இடி. ‘கேஸ் நிரப்புதல்’ கட்டத்தை நீக்கிவிட்டுப் பார்த்துச் சொல்லும் வகைக்கு மாற வேண்டுமானால் புதுக் கணக்குத் தொடங்க வேண்டும் என்றார்கள். அதுவரை 318 வீடுகளில் நான் வாங்கிய மதிப்பீடு எதுவும் கூட வராது. மாற்றிக்கொண்டேன். புதிய ஆளாகப் பட்டியலின் அடியிலிருந்து ஏறிவர எட்டு மாதம் ஆனது.

கே.கே.நகரில் என் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கறிஞர். அவரிடம் இதைச் சொன்னேன். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இல் வந்தவை என்றார். விற்பவர்களை எந்த அடிப்படையில் மேலே கீழே வரிசைப்படுத்துகிறார்கள் என்பதைத் தளம் எளிய மொழியில் விளக்க வேண்டும் என்று அவை சொல்கின்றனவாம். எனக்கு எளிய மொழி தமிழ். அந்த விளக்கத்தை இதுவரை நான் தமிழில் பார்த்ததில்லை. அவர் சொன்ன இன்னொன்று கவலை தந்தது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பிழைப்புக்காக வாங்கும் பொருளோடு, பெறும் சேவையையும் வணிக நோக்கம் என்று கருதி, அவர் நுகர்வோர் அல்ல என்று ஒதுக்கக் கூடாது என்ற விளக்கம் திருத்தத்தின் மூலம் சேர்ந்திருந்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பொருள் என்ற சொல் மட்டும் இருக்கிறது, சேவை என்ற சொல் இல்லை. அப்படியானால் 5,900 ரூபாய் கட்டி எண்களைத் திறந்த நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், முதலில் நான் நுகர்வோர்தானா என்றே வாதாட வேண்டியிருக்கும். இந்த ஒரு சொல்லைத் திரும்பச் சேர்க்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

தளங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. பதிவு செய்யும் பக்கத்திலேயே ஒவ்வொரு வகைக்கும் பிடித்தம் எவ்வளவு, எண் எத்தனை பேருக்குப் போகும், கூடுதல் வேலை வந்தால் எப்படிச் சேர்ப்பது என்பதைத் தமிழில் எழுதுங்கள். வகை மாறினாலும் மதிப்பீடு ஆளோடு வரட்டும். அது நான் உழைத்து வாங்கியது. ‘கேஸ் நிரப்புதல்’ என்பதைத் தனிச் சேவையாக வைப்பதை விட்டுவிட்டு, ‘கசிவு கண்டறிந்து சரிசெய்தல்’ என்று பார்த்துச் சொல்லும் வகையின் கீழ் கொண்டுவாருங்கள்.

தங்கள் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் ஏ.சி. குளிரவில்லை என்றால் கேஸ் என்று நீங்களே முடிவுசெய்து பதியாதீர்கள். பார்த்துச் சொல்லும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வருகைக் கட்டணம் முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தோன்றலாம். வந்தவரிடம் சோப்பு நுரையும் தராசும் இருக்கிறதா என்று கேளுங்கள். அண்ணாநகர் அம்மா வீட்டு இயந்திரத்துக்கு அதன் பிறகு இரண்டு கோடைகள் சர்வீஸ் மட்டும்தான் செய்திருக்கிறேன். கேஸ் ஏற்றவில்லை.

இப்படிக்கு,
ஏ.சி. மெக்கானிக் ஒருவர்,
செல்லூர், மதுரை.