கோமதிக்கு ஒரு கடிதம்: கேடயம் வேண்டாம், டீக்கடைக்குப் போ

திருச்சி
12.8.2025

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் சுகம். மூன்று மாதமாகப் பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ நம்பமாட்டாய். மல்லிகா மகளுக்கு ஐப்பசியில் தேதி குறித்துவிட்டார்கள். பத்திரிகை உனக்குத் தபாலில் வரும். புடவை கலர் பற்றி இப்போதே என்னிடம் கேட்காதே.

ஒன்றியத்தில் கேட்டார்கள் என்று நீ எழுதி அனுப்பிய பெருந்தொற்றுக் கால முகக்கவசத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். பன்னிரண்டு பக்கம். அதில் பத்துப் பக்கம் போஸ்டர், உறுதிமொழி, குறுஞ்செய்தி, வீதி நாடகம், முதலில் வரும் ஊராட்சிக்குக் கேடயம். கேடயம் என்று படித்ததும் நம் ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து வந்து எதிரில் நின்ற மாதிரி இருந்தது. நாடகத்தில் எமன் வேஷம் யாருக்குடி, ராஜாமணி சாருக்கா?

கிண்டல் போதும். எனக்கு நிஜமாகவே கவலை. உன் முதல் வரியே ‘மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை’ என்று ஆரம்பிக்கிறது. அங்கேயே வண்டி தடம் மாறிவிட்டது. 2020-லும் 2021-லும் மாஸ்க் எதற்கு என்று தெரியாத ஆள் நம் ஊரில் இருந்தாரா? தெரியாதவர் ஏன் அதைத் தாடையில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்? 2020 செப்டம்பரில் மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று அரசு அறிவித்தது, பிறகு அது 500 ஆனது. தடுப்புக்கட்டை தெரிந்ததும் மேலே ஏறும், தாண்டியதும் இறங்கும். ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு ஹெல்மெட்டின் அருமை தெரியாமலா இருக்கிறது? அபராதம் வந்ததும் மாஸ்க், போலீஸிடம் காட்டும் டிக்கெட் ஆகிவிட்டது.

விஷயம் தெரிந்த ஜனங்களைப் போட வைப்பது எப்படி என்பதை ஊர் ஊராக அளந்து பார்த்தவர்கள் வங்கதேசத்தில் இருக்கிறார்கள். 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை, 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல். பாதிக் கிராமங்களில் ஒன்றும் செய்யவில்லை. மற்ற பாதியில் எட்டு வாரம் வேலை நடந்தது. ஒன்றும் செய்யாத ஊர்களில் ஒழுங்காக மாஸ்க் போட்டவர்கள் 100-க்கு 13 பேர். வேலை நடந்த ஊர்களில் 42. இது மாஸ்க் போடுகிறாயா என்று கேட்டு எழுதிக்கொண்ட கணக்கு இல்லை. கேட்டால் எல்லோரும் ‘போடுறேனே’ என்றுதான் சொல்வார்கள். சாதாரண உடையில் ஆள் அனுப்பி, சந்தையிலும் டீக்கடையிலும் மசூதி வாசலிலும் நிற்க வைத்து, கண்ணால் எண்ணினார்கள். மூக்கும் வாயும் இரண்டும் மூடியிருந்தால்தான் கணக்கு. மூக்கு வெளியே தெரிந்தால் போடாதவர்தான்.

அவர்கள் செய்தது நாலே காரியம். வீடு வீடாகப் போய் இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஏன், எப்படி, எப்போது என்று ஒரு சின்ன வீடியோ காட்டினார்கள். அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா, இமாம் பயிற்சி அகாடமியின் தலைவர், கிரிக்கெட் வீரர் ஷகிப் அல் ஹசன் மூவரும் அதில் பேசினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இமாம் அதையே எடுத்துச் சொன்னார். கடைசியாக, வாரத்தில் சில நாள் பொது இடத்தில் ஆள் நின்று, போடாதவரைப் பார்த்தால் நேருக்கு நேர் ‘போட்டுக்கோங்க’ என்று சொன்னார்கள், இல்லாதவர் கையில் ஒன்று கொடுத்தார்கள். முன்னோட்டமாகச் செய்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது, ஏற்றத்தில் பெரும்பங்கு இந்தக் கடைசிக் காரியத்தால்தான்.

இனிமேல் உட்கார்ந்து படி. இந்த நாலுக்கு மேல் கூடுதலாகச் சில ஊர்களில் சிலதைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டுக் கதவில் பலகை, வாய்மொழி உறுதிமொழி, குறுஞ்செய்தி, நன்றாகச் செய்த ஊருக்குப் பணமோ சான்றிதழோ. எதிலும் கூடுதல் பயன் தெரியவில்லை. உன் பத்துப் பக்கத்தில் பெரும்பாலானது அந்தப் பட்டியலில் இருக்கிறது கோமதி. கேடயம் உட்பட.

எனக்குத் தோன்றுவது இதுதான். மாஸ்க் போடாததில் ‘கொரோனா பொய்’ என்கிற பிடிவாதக்காரர் பங்கு கொஞ்சம்தான். பெரும்பாலோருக்குக் கூச்சம். டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஏழாவது ஆள் மாஸ்க்கோடு வந்தால் ‘என்னப்பா, உனக்கு வந்துடுச்சா?’ என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பையில் இருப்பது பையிலேயே இருக்கிறது. ஆறில் மூன்று பேர் போட்டிருந்தால் கேள்வியே எழாது. அதனால் போஸ்டர் பணத்தை எடுத்து ஆள் நிறுத்து.

எப்படி நிறுத்துவது? ஒரு ஊருக்கு இரண்டு பேர், மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே போதும். வாரத்தில் மூன்று நாள், தலா இரண்டு மணி நேரம். சந்தை நாள் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மற்றது ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், டீக்கடை. கையில் மாஸ்க் டப்பா. வாயைத் திறந்தால் ஒரே வாக்கியம்: ‘அண்ணே, மாஸ்க் எடுத்துட்டு வரலையா? இந்தாங்க.’ அவ்வளவுதான். வைரஸ், காற்று, விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். வாக்குவாதம் செய்தால் விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போக வேண்டும், ஒரு ஆளோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் நாற்பது பேர் கடந்து போய்விடுவார்கள். எண்ணுகிற வேலையை அவர்களிடமே கொடுக்காதே. கொடுத்தால் கணக்கு எப்போதும் நன்றாகத்தான் வரும். பக்கத்து ஊர்க் குழுவில் ஒருத்தியை அனுப்பு. ஒரே இடம், ஒரே நேரம், கடந்து போகிற முதல் 100 பெரியவர்கள், நோட்டில் மூன்று கட்டம்: மூடியது, மூக்குக்குக் கீழே, இல்லை. வாரம் ஒரு தடவை. நடுக்கட்டம் வீங்கினால் மாஸ்க்கில் கோளாறு, கடைசிக் கட்டம் வீங்கினால் ஆள் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம்.

எட்டு வாரத்தோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். வங்கதேசத்தில் ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது, 13-க்கும் 42-க்கும் இருந்த 29 புள்ளி வித்தியாசம் 10-க்கு வந்துவிட்டிருந்தது. அலை ஏறும்போது ஆரம்பித்து இறங்குகிற வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே ஆரம்பித்து ஆட்களைச் சோர்ந்துபோக விடாதே.

அடுத்தது ‘குழுப் பெண்கள் தைத்த துணி மாஸ்க்’. உனக்குப் பிடித்த பக்கம் அது என்று தெரியும், தையல் கூலி கிடைக்கும் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஆய்விலேயே சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில்தான் நோய் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது, அறிகுறியோடு தொற்று உறுதியானவர்கள் 11 சதவீதம் குறைவு, 60 வயதுக்கு மேல் 35 சதவீதம். துணி மாஸ்க் ஊர்களில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் அது நம் ரவிக்கை பிட்டில் தைத்தது இல்லை. வெளியே நெய்யாத பாலிப்ரொப்பிலீன், உள்ளே இரண்டு அடுக்குப் பருத்தி கலந்த பின்னல் துணி, மூக்குக்குக் கம்பி. அப்படித் தைத்தும் 37 சதவீதம்தான் வடிகட்டியது. சர்ஜிக்கல் 95. அதையே சோப்புப் போட்டுப் பத்துத் தடவை அலசிக் காயவைத்த பிறகும் 76. ‘ஒரு தடவைதான்’ என்று அச்சடித்திருக்கும் மாஸ்க் அலசின பிறகும் புதுத் துணி மாஸ்க்கைத் தோற்கடித்துவிட்டது. (என்95-ஐ மட்டும் அலசக் கூடாது, ஸ்பிரிட்டும் அடிக்கக் கூடாது. அதன் நடு அடுக்கு மின்னேற்றத்தால் தூசியை இழுத்துப் பிடிப்பது. அது போனால் சல்லடைதான். வால்வு வைத்த என்95 விடுகிற மூச்சை அப்படியே வெளியே தள்ளும் என்று 2020 ஜூலையிலேயே மத்திய அரசு எச்சரித்தது.)

தைத்துத்தான் தீர வேண்டும் என்றால் மூன்று அடுக்கு. தோலை ஒட்டிப் பருத்தி, நடுவில் நெய்யாத துணி, வெளியே தண்ணீர் ஒட்டாத பாலியெஸ்டர். பருத்தியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவை, இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கி மூக்கைவிட்டு இறங்கும். துணியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார், வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் நெசவு லேசு. நட்ட நடுவில் தையல் ஓடுகிற மாடலைத் தவிர்த்துவிடு, ஊசித் துளை வரிசையாக வாய்க்கு நேரே வருகிறது. பத்துக்கு ஆறு அங்குலம் வெட்டி மடிப்பு வைத்துத் தைப்பது போதும். மூக்குக் கம்பி இல்லாமல் ஒன்றைக்கூட அனுப்பாதே.

நம் ஆட்கள் மாஸ்க்கைக் கீழே இழுப்பதில் பாதிக்குக் காரணம் மனசு இல்லை, மாஸ்க்தான். கண்ணாடி போட்டவருக்கு ஆவி படிகிறது. மூக்குத் தண்டில் இடைவெளி இருக்கிறது, மூச்சு மேலே போகிறது, ஆகவே மூக்குக்குக் கீழே. கம்பியை இரண்டு கை ஆள்காட்டி விரலாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்தச் சொல். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர் நின்று இரண்டு பக்கமும் வாய் பிளக்கும். வண்ணப் பக்கம் வெளியே, மடிப்பு கீழ்நோக்கி. கன்னத்தில் தொளதொளத்தால் மாஸ்க்கை நீளவாக்கில் மடித்து, காது நாடாவை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட்டு, பிதுங்குகிற துணியை உள்ளே சொருகினால் பக்கவாட்டு ஓட்டை அடைபடும். பேசும்போது வழுக்கினால் உயரம் போதாது, தாடைக்குக் கீழே பிடிப்பு இல்லை. கடைக்காரருக்கு இதுதான் பெரிய தொல்லை. அவருக்கு ஒரு அளவு பெரியதாகக் கொடு.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை. காது நாடா தோட்டிலும் மாட்டலிலும் சிக்கும், தலைக்குப் பின்னால் கட்டினால் கொண்டையும் பூவும் இடிக்கும். வயசானவர்களுக்குக் காது மெஷின். மாஸ்க்கைக் கழற்றுகிற அவசரத்தில் மெஷின் தெறித்து விழுந்தால் அதற்கப்புறம் அந்தத் தாத்தா மாஸ்க்கைத் தொடவே மாட்டார். இதற்கு மருந்து, கையகல நாடாத் துண்டு, இரண்டு முனையிலும் ஒரு பட்டன். பிடரியில் வைத்துக் காது நாடாக்களை அந்தப் பட்டனில் மாட்டினால் காதுக்கு வேலையே இல்லை. உன் தையல்காரிகளுக்குக் கூலி வேண்டுமென்றால் இதைத் தைக்கச் சொல். வியர்வைக்கு வைத்தியம் இல்லை. நனைந்தால் மூச்சு இழுக்கக் கஷ்டம், மாற்றத்தான் வேண்டும். ஆளுக்கு இரண்டாவது கொடு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டாயப்படுத்தாதே.

தலைவர்கள் போட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய், அதை ஒரு பக்கம் ஆக்கு. தைவானில் 2020 ஏப்ரலில் ரேஷனில் ரோஸ் கலர் மாஸ்க் கிடைத்த ஒரு பையன், கேலி செய்வார்கள் என்று பள்ளிக்குப் போகப் பயந்தான். மறுபேச்சுப் பேசாமல் சுகாதார அமைச்சர் சென் ஷி சுங்கும் உடனிருந்த அதிகாரிகளும் ரோஸ் மாஸ்க்கோடு பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார்கள். இதற்கு நேரெதிர் 1918 ஃப்ளூ பெருந்தொற்றின்போது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. மாஸ்க் போடாதவரைச் சிறைக்கு அனுப்பிய ஊர், அங்கே குத்துச்சண்டை பார்க்கப் போன மேயரும் சுகாதார அதிகாரியும் மாஸ்க் இல்லாமல் போட்டோவில் விழுந்தார்கள். மேயர் 50 டாலர் கட்டினார், அதிகாரி 5 டாலர். 1919 ஜனவரியில் மறுபடி மாஸ்க் என்றபோது எதிர்ப்புச் சங்கமே முளைத்துவிட்டது. உன் ஒன்றியத் தலைவர் மைக் பிடிக்கும்போது மாஸ்க்கைக் கழற்றினால் உன் எட்டு வார வேலை அந்த மேடையிலேயே போய்விடும். மைக்கில் மாஸ்க்கோடு பேசினால் நன்றாகவே கேட்கும் என்று முன்னாடியே சொல்லி வை.

கடைசியாக ஒன்று, இதில் விளையாடாதே. ‘மாஸ்க் போட்டால் கொரோனா வராது’ என்கிற வரியை அடித்துவிடு. 2020 பிப்ரவரியில் பொதுமக்கள் மாஸ்க் வாங்காதீர்கள், பயனில்லை என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி சொன்னார். ஏப்ரலில் போடச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் துணி மாஸ்க் பக்கம் வந்தது ஜூனில். மருத்துவமனைகளுக்குத் தட்டுப்பாடு என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அத்தனை அவநம்பிக்கை வந்திருக்காது. நான் மெச்சுகிற வங்கதேச ஆய்விலும் இரண்டு வகை மாஸ்க் ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், அறிகுறியோடு தொற்று உறுதியானவர்கள் 100-க்கு 0.76 என்பது 0.68 ஆனது, அவ்வளவுதான். அது 100-க்கு 42 பேர் மட்டும் போட்டபோது கிடைத்தது என்பதும் உண்மை, வித்தியாசம் சின்னது என்று குறை சொல்கிறவர்கள் இருப்பதும் உண்மை. டென்மார்க்கில் ஆறாயிரம் பேரை வைத்துப் பார்த்ததில், மாஸ்க் போடச் சொல்லாதவர்களில் 100-க்கு 2.1 பேருக்கும் போடச் சொன்னவர்களில் 1.8 பேருக்கும் தொற்று, எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியவில்லை. ‘ஆபத்தைக் குறைக்கும், வயசானவர்களுக்குக் கூடுதலாக’ என்று எழுது. மாஸ்க் போட்டும் காய்ச்சல் வந்த முதல் ஆள் சந்தையில் வந்து நின்று கேட்கும்போது உன் பெண்களுக்குச் சொல்ல ஒரு பதில் கையில் இருக்க வேண்டும்.

உறையில் நாடாத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். பட்டன் பொருந்தவில்லை, பழைய ரவிக்கையில் பிய்த்தது, சிரிக்காதே. ஒன்றியத்தில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று எழுது. எமனை மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள், ராஜாமணி சாருக்கு மாஸ்க் மாட்டிவிட்டு.

உன்
சரோஜா