இறால் ஏன் சிவக்கிறது என்று சொல்ல ஒரு படநூல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து மீட்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நீச்சல், ஓவியம், சதுரங்கம் என்று அதில் சொல்லப்பட்டவை எல்லாம் நல்லவைதாம். ஆனால் மாதக் கட்டணம் ஏதுமின்றி, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் ஐந்தடி அகலச் சமையலறையிலேயே நடக்கிற ஒரு பயிற்சியையும், அது அடிக்கடி பாதியில் நின்றுபோவதன் காரணத்தையும் எழுதத் தோன்றியது.

நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட, இரண்டாம் வகுப்பு முடித்த பேத்தியும் நானும்தான் பகலில் வீட்டில் இருக்கிறோம். சமையல் என் பொறுப்பு. பெரிதாக ஒன்றுமில்லை, சோறு, குழம்போ ரசமோ ஒன்று, தொட்டுக்கொள்ள ஏதாவது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், இப்போது காசிமேட்டில் ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, விலையும் கூடுதல். சென்ற சனிக்கிழமை கால் கிலோ நெத்திலியும் கால் கிலோ இறாலும் வாங்கிவந்தேன்.

நெத்திலியின் தலையைக் கிள்ளி, குடலும் அதோடு சேர்ந்து வரும்படி இழுப்பதற்குப் பேத்திக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து மீனை ஒழுங்காக ஆய்ந்தவள், விரல் நுனியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நெத்திலிக்கு ரத்தம் செவப்பா இருக்கு, எறாவுக்கு ஏன் ரத்தமே வரல?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகளாக இறால் உரிக்கிறேன். எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. சற்று நேரத்தில் சாம்பல் நிற இறால் வாணலியில் சிவக்கத் தொடங்கியதும், "இப்பதான் ரத்தம் வருதா?" என்றாள். அந்த இரண்டு கேள்விகளையும் அவள் இணைத்த விதம் தவறுதான் என்றாலும், அப்படி இணைத்துப் பார்க்கத் தோன்றியதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

எதிர் வீட்டில் விலங்கியல் படிக்கும் கல்லூரி மாணவியிடம் கேட்டுத்தான் விடை தெரிந்துகொண்டேன். மீனின் ரத்தத்தில் நமக்கு இருப்பதுபோல இரும்பு இருப்பதால் அது சிவப்பு. இறாலின் ரத்தத்தில் அந்த வேலையைச் செம்பு செய்கிறது. அதனால் அது ஏறக்குறைய நிறமற்றும் லேசான நீலமாகவும் இருக்கும், நம் கண்ணுக்குத் தண்ணீர்போலவே தெரியும். வாணலியில் வரும் சிவப்பு ரத்தமே அல்ல. இறாலின் ஓட்டிலும் உடலிலும் ஏற்கெனவே உள்ள செந்நிறப் பொருளை ஒரு புரதம் பிடித்துவைத்து அதன் நிறத்தை மறைத்திருக்கிறது. சூட்டில் அந்தப் புரதம் குலைந்ததும் நிறம் வெளியே வருகிறது. இதைப் பேத்திக்குச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தால் பாதிதான் புரிந்திருக்கும் என்று தோன்றியது. இறாலை நெடுக்கில் வெட்டிக் காட்டும் ஒரு படம் கையில் இருந்திருந்தால் என் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

அப்படிப்பட்ட நூல் எவ்வளவு வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். சென்ற சனவரியில் அவளை மெட்ரோ ரயிலில் ஏற்றி நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போனேன்; வண்டி மாற வேண்டியதில்லை என்பது வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி. அங்கே பயறுகளைப் பற்றி ஒரு மெல்லிய படநூல் வாங்கினோம். மறுநாள் அவள் அதைத் தரையில் விரித்து, துவரை, கடலை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் படத்தோடு ஒப்பிட்டாள். பச்சையாக இருக்கும் பாசிப்பயறும் மஞ்சளாக இருக்கும் பாசிப்பருப்பும் ஒன்றே என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஊறவைத்து, விரலால் நசுக்கித் தோலைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். ஈரத் துணியில் முடிந்துவைத்த பயறு மறுநாள் முளைவிட்டது. மண்ணில் ஊன்றியதில் சில நாளில், பருப்பின் இரண்டு பாதிகள் தண்டோடு மேலே வந்து நின்றன. நாம் பருப்பு என்று வேகவைப்பது விதையின் இரண்டு வித்திலைகளையே என்று நூலில் இருந்த வரி அன்று அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அன்றைய பருப்புக் குழம்பை அவள் 'இலைக் குழம்பு' என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள்.

இந்த நம்பிக்கையில்தான் இறால் விஷயமாக அருகிலுள்ள கிளை நூலகம் ஒன்றுக்குப் போனோம். சிறுவர் நூல்கள் கண்ணாடிப் பீரோவில் பூட்டியிருந்தன. எடுத்துத் தரச் சொன்னபோது வந்தவற்றில் பெரும்பாலானவை நீதிக் கதைகள். கடலைப் பற்றிய ஒரே நூலில் திமிங்கிலமும் பெங்குவினும் இருந்தன. கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள நூலகத்தில் சங்கராவோ, நெத்திலியோ, நண்டோ இல்லை. பிள்ளைகளுக்கான சமையல் நூல் ஒன்றும் இருந்தது. அதில் எல்லாமே ஓவனில் செய்பவை. நூலகரை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கெடுப்பில் நூல் குறைந்தால் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது, அந்தப் பூட்டு யாருக்காக என்பது விளங்கியது.

1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு கேள்விக்காக அங்கே போய்வர முடியாது. நான் கேட்பது சிறியது. கிளை நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது, கதையல்லாத தமிழ்ப் படநூல்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, அவற்றில் உணவையும் மீனையும் தானியத்தையும் பற்றியவற்றுக்கு முன்னுரிமை தர வேண்டும். அந்த நூல்களைப் பூட்டில்லாத, ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் வைத்து, கிழிவதையும் தொலைவதையும் ஓர் அளவுவரை நூலகரின் கணக்கில் ஏற்றாமல் விட வேண்டும். பணம் ஒரு தடை என்றால், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா சாப்பிடும் பிள்ளைகளுக்கு ரவை கோதுமையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டும் நான்கு பக்கங்களைப் பள்ளியிலேயே அச்சிட்டு வைக்கலாம். ரவை அரிசியின் நொய் என்றே என் பேத்தியின் தோழி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பியதும் நண்டு வாங்கித் தருவதாகப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். ஜூன் மாத நடுவுக்குள் அந்தப் பீரோ திறந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
துறைமுக ஓய்வூதியர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.