கச்சான் இல்லாமல் எட்டு நாள்: உதவிய எல்லோருக்கும் நன்றி

போன கிழமைதான் பாங்கொக்கில் இருந்து திருகோணமலைக்குத் திரும்பி வந்தோம். வந்ததும் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன், ஏனென்றால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரின் பெயரே எனக்குத் தெரியாது, மற்றப் பாதிப் பேர் நேரில் சொன்னால் "இதுக்கெல்லாம் என்ன நன்றி" என்று போய்விடுகிறவர்கள்.

மகனுக்கு ஒன்பது வயது, கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துக்கொள்ளாது. நாலு வயதில் ஒரு திருவிழாவில் யாரோ ஆசையாகக் கொடுத்த இரண்டே இரண்டு கச்சான், கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியதை நினைத்தால் இப்பவும் கை நடுங்கும். கச்சான் கடை இல்லாத திருவிழா எங்கள் ஊரில் ஏது? ஊரிலேயே இந்தப் பாடு என்றால் தாய்லாந்தில்? அங்கே பட் தாய் நூடில்ஸின் மேல் இடித்த கச்சான், பப்பாசிச் சலாதிலும் கச்சான், சாத்தே சோஸ் முழுக்கக் கச்சான். அந்த நாட்டு மொழியில் எங்களுக்கு ஒரு சொல்லும் வராது.

முதலில் எங்கள் டொக்டர் ஐயாவுக்கு. விமானத்தில் காட்டக் கடிதம் எழுதித் தந்ததோடு விடவில்லை, மேசையில் கிடந்த சாதாரணப் பேனாவைக் கையில் தந்து, தொடையின் வெளிப்பக்கத்தில், உடுப்புக்கு மேலாலேயே ஒவ்வாமைக்கான அவசர ஊசியை எப்படிக் குத்துவது என்று என்னையும் கணவரையும் பத்துத் தரமாவது செய்ய வைத்தார். உண்மையான ஊசி, பேனா போல இருக்கும் அட்ரினலின் பேனா, 0.15 மில்லிகிராம், இரண்டு, லண்டனில் இருந்து கொண்டுவந்து தந்தது பெரியம்மாவின் மகள். அக்கா, அந்த இரண்டும் என் கைப்பையை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்து நிலாவெளி விடுதியில் வேலை செய்யும் தம்பிக்கு. கச்சான் ஆகாது என்று கடைகளில் காட்ட நாங்கள் போனில் தாய்லாந்து மொழிக்கு மொழிபெயர்த்து வைத்திருந்த அட்டையை, அங்கே தங்கியிருந்த ஒரு தாய்லாந்துத் தம்பதியிடம் காட்டியிருக்கிறார். அதில் 'துவா' என்று மட்டும் இருந்ததாம், அது பயறு, பருப்பு எல்லாவற்றுக்கும் பொதுச்சொல், கச்சான் என்றால் 'துவா லிசொங்'. அதைவிட, 'இவனுக்கு விருப்பமில்லை' என்றுதான் எழுதியிருந்ததாம்! விருப்பமில்லை என்றால் மேலே தூவியதை வழித்துவிட்டுத் தந்திருப்பார்கள். அந்த இருவரும் இருந்து, 'பே' என்ற சொல்லைப் போட்டு, தொட்ட கரண்டியும் சட்டியும்கூட ஆகாது, உயிருக்கு ஆபத்து என்று தங்கள் கையாலேயே திருத்தி எழுதித் தந்தார்கள். 'பே' என்றால் ஒவ்வாமை, அதே சொல்லுக்குத் தோற்பது என்றும் பொருளாம். அப்புறம் தம்பி அதை லமினேட் செய்து ஆறு படி கொண்டுவந்து தந்தார்.

மூன்றாம் நாள் இரவு ஒரு ரோட்டோரக் கடை. மகனுக்கு நல்ல பசி. கடைக்கார அம்மா அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். அவனைப் பார்த்தார். தன் உரலைத் தொட்டுக் காட்டினார், ஓரமெல்லாம் கச்சான் தூள். சட்டியைக் காட்டினார், கரண்டியைக் காட்டினார், இல்லை என்று தலையாட்டினார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. சரி, போவோம் என்று திரும்பினால், கடையை அப்படியே விட்டுவிட்டு மகனின் கையைப் பிடித்து நாலு கடை தள்ளிக் கூட்டிப்போய், அரிசிக் கஞ்சி விற்கும் ஒருவரிடம் அட்டையைச் சத்தமாக வாசித்துக் காட்டி, அவர் புதுக் கரண்டி எடுக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அவருடைய கடையில் நாங்கள் ஒரு சதத்துக்கும் வாங்கவில்லை.

எனக்கு அந்த "இல்லை" போதும். "கொஞ்சம் தின்றால் ஒன்றும் செய்யாது" என்று எத்தனை பேர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பேனா இரண்டும் திறக்காமலே திரும்பி வந்து அலுமாரியில் இருக்கின்றன. அட்டையில் மூன்று மிச்சம், தாய்லாந்து போகிற யாருக்கும் தேவையென்றால் கேளுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் தெரிந்தவர்களிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

அந்த அம்மா இதை வாசிக்கப்போவதில்லை, என்றாலும் அவருக்கு, அவர் மொழியிலேயே நன்றி: கோப் குன் கா.